மணல் பூனைக்குள் போன அக்கா

அக்கா ஒட்டகமாக இருந்த மாதத்தில்தான் நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன்.

துபாயில் விழாக்களும் விளையாட்டுப் போட்டிகளும் நடத்திக் கொடுக்கும் கம்பெனி. போட்டி நடத்துகிறவர்களிடம் பேசி அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வருவது என் வேலை. அவர்கள் கேட்கும் மாஸ்காட்டை, அதாவது போட்டி முடியும்வரை போஸ்டரிலும் மைதானத்திலும் ஆடிக்கொண்டிருக்கும் அந்தப் பொம்மை உருவத்தை, வரைந்து உருவாக்குவது அக்காவின் வேலை. அப்போது ஒட்டகப் பந்தயம் ஒன்றுக்காக வரைந்துகொண்டிருந்தாள். முதல் நாள் என்னை அவள் மேஜைக்கு அழைத்துப்போய் அறிமுகம் செய்தார்கள். வாயில் ஒன்றும் இல்லாமலே மென்றுகொண்டிருந்தாள். இமைகள் பாதி இறங்கியிருந்தன. என்னைவிடக் குள்ளமானவள், உட்கார்ந்தும் இருந்தாள். இருந்தாலும் எங்கோ உயரத்திலிருந்து என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் என்னிடம் மெதுவாக, பயப்படாதே, வேலை முடிந்ததும் சரியாகிவிடுவார் என்றார். அவர் பாகிஸ்தானி. அவரும் அவளை ‘அக்கா’ என்றுதான் சொன்னார். அந்த ஆபீஸில் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் அவள் அக்காதான்.

பந்தயக்காரர்கள் படத்துக்குச் சம்மதம் சொன்ன அன்று அக்கா திரும்பி வந்தாள். அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. காலையில் லிஃப்ட் திறந்ததுமே குதிகால் செருப்புச் சத்தம் டக் டக்கென்று ஆபீஸ் முழுக்கக் கேட்டது. பின்னாலேயே சிரிப்பு. பொள்ளாச்சிப் பக்கத்துச் சிரிப்பு, கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற சிரிப்பு. அன்று சாயங்காலம் என்னைத் துபாயின் பழைய கடைத்தெருவான தேராவுக்கு இழுத்துப்போனாள். படகில் ஊருக்கு நடுவே ஓடும் கடற்கழியைக் கடந்து, கீழக்கரைக்காரர் ஒருவரின் கடையில் பரோட்டா தின்றோம். இரண்டு பேர் தின்பதை ஒருத்தி தின்றாள்.

ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டேன். “உள்ள போய்ப் பாக்காம என்னத்த வரையறது கண்ணு?” என்றாள். அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல இன்னொரு சால்னா கேட்டாள்.

நாங்கள் இருவருமே ஷார்ஜாவில் குடியிருந்ததால் அவள் காரிலேயே போய் வர ஆரம்பித்தேன். ஷார்ஜா ரோட்டில் கார் நகராமல் நிற்கும் நேரமெல்லாம் அக்கா பேசிக்கொண்டே இருப்பாள். தேங்காய் விலை, மாமியார், துபாய் வந்த புதிதில் புருஷனோடு போட்ட சண்டை. புருஷன் தேராவில் ஒரு கார்கோ ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

ஆனால் ஒரு உருவத்துக்குள் போய்விட்டால் பேச்சு மாறிவிடும். நீச்சல் போட்டிக்கு முத்துச் சிப்பி வரைந்த நாட்களில் கேட்ட கேள்விக்கு உதட்டைத் திறந்து, உடனே மூடிக்கொள்வாள். நாள் முழுக்க அவளிடமிருந்து வரும் வார்த்தைகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். இன்னொரு போட்டிக்கு ராஜாளி வரைந்தபோது இமைப்பது குறைந்துபோனது. ஒரு மீட்டிங்கில் எதிரே உட்கார்ந்திருந்த ஸ்பான்சர் கம்பெனி ஆள் மேஜைமேல் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் அக்காவின் கண் போன இடத்தைப் பார்த்தேன். அந்தக் கைதான்.

ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தாள். அதனால் நாங்கள் சிரித்தோம். ஆபீஸ் பார்ட்டிகளில் அக்காவின் ஒட்டகத்தை நடித்துக் காட்டாத ஆளே கிடையாது. அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

பிறகுதான் அந்தக் குளிர்கால விளையாட்டு வந்தது.

பனியே விழாத ஊரில் குளிர்கால விளையாட்டுப் போட்டி. மாலுக்குள் கட்டியிருக்கிற பனி மலையில், பனி விழும் தேசங்களின் பிள்ளைகளெல்லாம் வந்து சறுக்கப்போகிறார்கள். அதற்கு ஒரு மாஸ்காட் வேண்டும். முதல் மீட்டிங்கில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அரபிகளின் வெள்ளை அங்கியான கந்தூரா போட்ட பனிக்கரடி. மஃப்ளர் கட்டிய ஒட்டகம். பனிச்சிறுத்தை. கமிட்டித் தலைவி இந்த ஊர்ப் பெண்மணி, அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கரடி எங்களுடையது இல்லை, ஒட்டகம் பனிக்கு வேஷம் கட்டிக்கொண்டு வந்ததுபோல் இருக்கும் என்றார். எங்களுடையதாகவும் இருக்க வேண்டும், பனியிலும் அது தானாகவே இருக்க வேண்டும், அப்படி ஒன்று உண்டா என்று கேட்டார்.

இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அக்கா மட்டும், மணல் பூனை என்றாள்.

அந்தப் பூனையைப் பற்றி அவள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. இந்தப் பாலைவனத்தில் வாழ்கிற சின்னப் பூனை. சுடுமணல் தாங்குவதற்காக அதன் உள்ளங்காலெல்லாம் அடர்த்தியான ரோமம். அதே ரோமம் பனியையும் தாங்கும். அந்த ரோமத்தால் அது போன தடம் மணலில் சரியாக விழாது. தண்ணீர் குடிக்காமல் பல நாள் இருக்கும். யாராவது டார்ச் அடித்தால் ஓடாது. தரையோடு தரையாகப் படுத்து, கண்ணை மூடிக்கொள்ளும். கண் மின்னினால்தானே காட்டிக்கொடுக்கும்? மூடிவிட்டால் மணல்தான், பூனை இல்லை.

கமிட்டித் தலைவி பேனாவை மூடி வைத்தார். பிறகு, தன் தகப்பனார் வாழ்நாளெல்லாம் பாலைவனத்தில் கூடாரம் போட்டவர் என்றும், அந்தப் பூனையை ஒருமுறையும் பார்த்ததில்லை என்றும், ஆனால் அது தன்னைப் பார்த்திருக்கிறது என்று சொல்வார் என்றும் சொன்னார்.

கடைசியாக, ஸ்பான்சர்கள் விடாமல் கேட்ட ஒட்டகத்தையும் ராஜாளியையும் சேர்த்து மூன்று உருவங்களைப் பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளிடம் காட்டினோம். ஒட்டகத்துக்குச் சிரித்தார்கள். ராஜாளிக்குக் கை தட்டினார்கள். மணல் பூனையைத் திரையில் போட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. போச்சு, இது தேறாது என்று நினைத்துப் படத்தை எடுத்தேன். முன் வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்து, அது எங்கே போச்சு என்று கேட்டாள். படத்தை எடுத்துவிட்டேன் என்றேன். அவள் திரையைப் பார்க்காமல் வகுப்பின் மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டெல்லாம் பூனைக்குத்தான் விழுந்தது.

மாஸ்காட் என்றால் சிரிக்க வேண்டும். ஸ்பான்சர்கள் எல்லோரும் வாயை அகலமாக்கச் சொன்னார்கள். அக்கா வாயை விட்டுக்கொடுத்தாள். கண்ணை விடவில்லை. ஆள் உள்ளே நுழைந்து ஆடுகிற பூனை உடுப்பின் தலைப்பகுதியில் திறந்து மூடுகிற இமை இருந்தே தீர வேண்டும் என்று நின்றாள். உள்ளே இருப்பவர் கையுறைக்குள் ஒரு கயிற்றை இழுத்தால் பெரிய மஞ்சள் கண்கள் மெல்ல மூடும். செய்து பார்த்தபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்குத்தான், கண் மூடிய பிறகும் அது பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

அக்காவிடம் முதலில் மாறியது செருப்பு. குதிகால் போய்த் துணி ஷூ வந்தது. அப்புறம் அந்தத் துணி ஷூவின் சத்தமும் இல்லை. நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதோ உறுத்தித் திரும்பினால் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. மேஜையில் நான் வைக்கும் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருக்கும். காரில் பேச்சு நின்றுபோனது. ஒருநாள் பார்க்கிங்கில் அவளுக்காகக் காத்திருந்தேன். எதிரே திரும்பிய ஒரு வண்டியின் வெளிச்சம் தூணோரம் விழுந்தது. அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தாள். வெளிச்சம் பட்டதும் நகரவில்லை, கையால் மறைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி போனதும் திறந்தாள்.

அந்த வாரம் அவள் புருஷன் எனக்குப் போன் செய்தார். அதுவரை என்னோடு நாலு வார்த்தை பேசியிராதவர். ரொம்ப நேரம் வெயிலைப் பற்றியும் லீவைப் பற்றியும் பேசிவிட்டு, “உங்க அக்கா ஊட்ல இருக்கறதே தெரியறதில்லீங்கம்மா” என்றார். சமையலறையில் இருக்கிறாள் என்று பார்த்தால் இல்லையாம். இல்லை என்று விளக்கை அணைத்துவிட்டு வந்தால் அங்கிருந்துதான் வருகிறாளாம். அதனால் கடைக்குப் போய் அவளுக்குக் கொலுசு வாங்கி வந்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் வாங்கினாராம். அவளும் சந்தோஷமாகத்தான் போட்டுக்கொண்டாளாம்.

“போட்டுட்டுத்தான் நடக்கறா. சத்தம் வர்றதில்லீங்க.”

மறுநாள் காரில் ஏறும்போது பார்த்தேன். நிறைய மணி வைத்த கொலுசு. அக்கா கிளட்சை மிதித்தாள், பிரேக்கை மிதித்தாள், ஷார்ஜாவிலிருந்து துபாய்வரை மாறி மாறி மிதித்துக்கொண்டே வந்தாள். நான் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

பூனையின் உடுப்புக்குள் இருந்து ஆடுவதற்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தோம். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கட்டட வேலைக்கு வந்து, நடனம் தெரியும் என்பதால் மால்களில் பொம்மை உடுப்புப் போட்டு ஆடுபவராக மாறியவர். கலகலப்பான மனிதர். கரடி, முயல், பர்கர் எல்லாம் ஆகியிருக்கிறேன் மேடம் என்று சொல்லிச் சிரிப்பார். அக்கா அவருக்குப் பனி மலையில் பயிற்சி கொடுத்தாள். ஆடக் கற்றுக்கொடுக்கவில்லை. எப்படி நிற்பது, எப்படிக் காலை எடுத்து வைப்பது, எப்படித் தரையோடு படுப்பது, அவ்வளவுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்ப்பேன். இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்புவார்கள். அக்கா அவருக்குப் பின்னால் நிற்கும்போதும் அப்படியே நடந்தது.

சில வாரத்தில் அவர் சிரிப்பு குறைந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, “மேடம், என்னைய இதுலேருந்து எடுத்து விட்ருங்க” என்றார்.

சம்பளமா, உடம்பா என்று கேட்டேன். இரண்டும் இல்லை என்றார். மெல்ல மெல்லத்தான் சொன்னார். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் அவர் ரூமில் இருக்கும் ஒருவருக்கு விடியற்காலை டியூட்டி. அவர் எழுந்து லைட் போட்டால் இவர் கட்டிலில் இல்லை. கட்டிலுக்கு அடியில் தரையோடு ஒட்டிக் கண்ணை மூடிக் கிடக்கிறார். தினமும் அப்படி. எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை என்றார். ரூம்காரர்கள் முதலில் சிரித்தார்களாம், இப்போது அவரோடு சேர்ந்து சாப்பிட உட்காருவதில்லையாம். உடுப்பில் ஏதாவது கோளாறா, மூச்சு முட்டுகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

“உள்ள எனக்கு எடம் பத்தல மேடம்” என்றார்.

துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எதிரே பனி மலை இருந்ததால் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

நேராக அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவரிடம் என்ன செய்தாய் என்றே கேட்டுவிட்டேன். அவளிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. யாரோ அவளைத் தட்டி எழுப்பியதுபோல இருந்தது. அந்தத் தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டு முறை கேட்டாள். அப்புறம், “அவுரு வேண்டாம் கண்ணு. நானே போறேன்” என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். வேறு ஆள் பார்க்கலாம் என்றேன். இன்னொருத்தரை அதுக்குள்ள விடமாட்டேன் என்றாள். உடுப்பை அவள் அளவுக்குக் குறைத்துத் தைத்தார்கள். அதற்கு அதிகம் வேலை இருக்கவில்லை என்று தையல்காரர் சொன்னார். ஏற்கெனவே அவள் அளவுக்கே வெட்டியதுபோல இருந்ததாம்.

அறிமுக விழா சாயங்காலம். பனி மலையின் அடிவாரத்தில் மேடை. கமிட்டிக்காரர்கள், ஸ்பான்சர்கள், டிவிக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள். பூனை மேலிருந்து இறங்கி வந்து, பாதி வழியில் நின்று கையசைத்து, மேடைக்கு வந்து ஆட வேண்டும். புதுக்கோட்டைக்காரர் அன்று லீவு. ஆனால் வந்திருந்தார். குளிருக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மட்டும் சொன்னார்.

இசை ஆரம்பித்தது. எல்லோரும் மலை உச்சியைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குழந்தை கையை நீட்டியது. பூனை பாதி வழி வந்துவிட்டிருந்தது. அங்கே எப்போது வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மெல்ல இறங்கியது. பிள்ளைகள் கத்தவில்லை. ஒரு பிள்ளை எழுந்து நின்றது, பின்னால் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள்.

ஸ்பாட் லைட்டைப் போட்டார்கள்.

பூனை அப்படியே பனியோடு படுத்தது. மஞ்சள் கண்கள் மூடின. அவ்வளவு பெரிய உருவம், மணல் நிறம், வெள்ளைப் பனிமேல், அத்தனை வெளிச்சத்தில். காதில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியில் கேமராக்காரர் எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நேர் எதிரே என்றேன். காணோம் என்றார். எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு நொடி கண்ணை எடுத்தால் மறுபடி தேட வேண்டியிருந்தது.

திட்டமிட்டதுதான் என்று நினைத்துக் கை தட்டினார்கள். தட்டல் ஓய்ந்தது. பூனை எழுந்திருக்கவில்லை. இசை முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. எழுந்திருக்கவில்லை. இன்னும் வெளிச்சம் போடச் சொன்னார் யாரோ. போட்டார்கள்.

அப்போது என் பக்கத்தில் நின்ற புதுக்கோட்டைக்காரர் ஓடினார். கோட்டோடு பனியில் வழுக்கி வழுக்கி ஏறிப் போய், அவளுக்குப் பக்கத்தில் முகம் புதையப் படுத்தார். படுத்தபடியே கையை உயர்த்தி, “லைட்ட அணைங்க” என்று கத்தினார். தமிழில்தான் கத்தினார். நான் வாக்கி டாக்கியில் எல்லோருக்கும் சொன்னேன். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஹாலே இருட்டான பிறகு அவர் ஏதோ மெதுவாகப் பேசுவது கேட்டது. பயப்படாதீங்கக்கா, போயிட்டாங்க, எல்லாரும் போயிட்டாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஏறிப் போனபோது தலைப்பகுதியைக் கழற்றியிருந்தார். அக்காவின் கண்கள் மூடியிருந்தன. கன்னம் பனிபோல் குளிர்ந்திருந்தது. ரொம்ப நேரம் கழித்துத் திறந்தாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இருவரையும் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தாள்.

அவளைக் கைத்தாங்கலாக இறக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் ஏறிய தடம் இருந்தது, நான் ஏறிய தடம் இருந்தது. உச்சியிலிருந்து அவள் இறங்கி வந்த வழி அப்படியே வழவழவென்று கிடந்தது. உடுப்பின் உள்ளங்காலில் ரோமம் கனமாக ஒட்டியிருந்தார்கள். அதனாலும் இருக்கலாம்.

மணல் பூனை பெரிய வெற்றி. பொம்மையாக, சாவிக்கொத்தாக, பள்ளிப் பையில் எல்லாம் வந்தது. விழாவில் அது ‘மறைந்த’ காட்சியை எல்லோரும் போனில் பகிர்ந்தார்கள். கம்பெனிக்கு நிறைய வேலை வந்தது. போட்டி நாட்களில் வேறு ஒருவர் உடுப்புக்குள் ஆடினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இப்போது வெறும் உடுப்புத்தான் என்று அக்கா சொன்னாளாம். புதுக்கோட்டைக்காரர் லைசென்ஸ் எடுத்து வேன் ஓட்டப் போனார். நன்றாகத் தூங்குகிறேன் மேடம் என்று ஒருநாள் வழியில் பார்த்துச் சொன்னார்.

வேலை முடிந்தது. அக்கா என்னைத் தேராவுக்குக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் ராஜினாமா கொடுத்தாள். புருஷனுக்குக் குவைத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள்.

போன வருஷம் ஆபீஸ் வேலையாகக் குவைத் போனபோது, ஃபஹாஹீலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கடல் தெரியும் பழைய ஃப்ளாட். அக்கா கதவைத் திறந்ததும் கட்டிக்கொண்டாள். அதே சிரிப்பு. இளைத்துவிட்டாய் என்றாள், மாமியாரைத் திட்டினாள், தேங்காய் விலையைச் சொன்னாள். இப்போது ஆஸ்பத்திரிகளுக்கு வழிகாட்டிப் பலகை வரைகிறாளாம். அம்புக்குறி, மாடிப்படி, வெறும் கோடுகள். உயிருள்ளது எதையும் வரைவதில்லை என்றாள். சாப்பாடு போட்டாள். தானும் வயிறாரத் தின்றாள், தண்ணீர் குடித்தாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். அவள் புருஷன் என்னை பால்கனிக்குக் கூப்பிட்டார். கடலைப் பார்த்தபடி நின்றார். தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் நின்றன. முன்பைவிட வயதாகியிருந்தது அவருக்கு. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றார். முன்னைவிட அன்பாக இருக்கிறாள் என்றார். சண்டையே போடுவதில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு கேக்கோணும்ங்கம்மா. தப்பா நெனைக்காதீங்க. நீங்க அவகூட அத்தன வருசம் ஒண்ணா வந்தவிய. இது அவதானுங்களே?”

பதில் சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். அக்கா பால்கனிக் கதவருகே டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. வந்து நின்று நேரமாகியிருக்க வேண்டும். அவள் முகத்தில் வருத்தம் இல்லை, கோபம் இல்லை. அவரைப் போலவே என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

“அக்காதாங்க” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டிக்கொண்டே உள்ளே போனார். அக்கா தட்டை என் கையில் கொடுத்தாள். என் காதருகே எக்கி, “சொல்ல எதுக்குக் கண்ணு இத்தன நேரமாச்சு?” என்று கேட்டாள்.